சண்டே கிளாஸ் படைப்பு ஃப்ளிப் சார்ட்: முதல் பக்கத்திலேயே சூரியன்

5க்கு 2.5 தருகிறேன். அந்த இரண்டரையும் அச்சுத் தரத்துக்கும், கடைசியில் வரும் ஒரு மடிப்புப் பக்கத்துக்கும் சேர்த்துத்தான். மீதி எங்கே போனது என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொருள் இதுதான். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை, அதாவது படைப்புக் கதையை, நாளுக்கு ஒரு பக்கமாக வரைந்து, மேலே ஸ்பைரல் போட்டு, மேஜையில் நிறுத்திக்கொள்ளும் ஃப்ளிப் சார்ட். பிள்ளைகள் பக்கம் படம், நம் பக்கம் வசனமும் ஆசிரியர் குறிப்பும். நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு வசனம்தான், அது நல்லது, பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் அதைத்தானே. விலை 500 ரூபாய்க்குள். வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) சமயத்தில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச்சும் வாங்கி ராத்திரி உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு அது பெரிய விலை இல்லை. தாள் கனமானது, நிறம் அடர்த்தி, எழுத்து பெரியது. லேமினேஷன் மட்டும் ரொம்பப் பளபளப்பு, டியூப்லைட்டுக்கு நேர் கீழே வைத்தால் பின்வரிசைப் பிள்ளைகளுக்குப் படம் தெரியாமல் வெள்ளையாக மின்னுகிறது. ஜன்னல் பக்கம் பிள்ளைகளின் முதுகு வராமல் பார்த்து வையுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் பக்கம். "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்று மேலே கொட்டை எழுத்து. கீழே மலை இடுக்கில் உதிக்கிற சூரியன். கதிரெல்லாம் போட்டு, வட்ட முகம், இரண்டு கண், சிரிப்பு.

நான்காம் நாள் பக்கத்தைத் திருப்பினால் அதே சூரியன், அதே சிரிப்பு, இந்த முறை பக்கத்தில் நிலாவும் நட்சத்திரமும். வரைந்தவருக்கு இது உறுத்தவில்லை, அச்சுக்கு அனுப்பியவருக்கும் உறுத்தவில்லை. எங்கள் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு உறுத்தியது. "அக்கா, அன்னிக்கே வந்த சூரியனை ஆண்டவர் இன்னிக்கு எதுக்கு மறுபடி செய்றாரு?" என்று கேட்டான். சரியான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி வசனத்திலிருந்து வந்திருக்க வேண்டும், படக்காரர் குழப்பியதால் வந்திருக்கக் கூடாது.

ஏனென்றால் வசனத்தில் இருக்கிற உண்மையான புதிர் இதைவிட எவ்வளவோ பெரியது. மூன்றாம் வசனத்தில் வெளிச்சம். சூரியன் வருவது பதினான்காம் வசனத்துக்கு அப்புறம். இடையில் மூன்று சாயங்காலமும் மூன்று விடியற்காலமும் ஆகிவிட்டன, புல் முளைத்துவிட்டது, கனிமரம் காய்த்துவிட்டது, எல்லாம் சூரியன் இல்லாமலே. இதை எழுதியவருக்குப் பகல் சூரியனால் வருகிறது என்று தெரியாதா என்ன? ஆடு மேய்க்கிற சிறுவனுக்கே தெரிந்த விஷயம். தெரிந்தே அப்படி வைத்திருக்கிறார். அந்த அதிகாரத்தின் முதுகெலும்பே அந்த வரிசைதான், இந்த சார்ட் அதைத்தான் முதல் பக்கத்திலேயே உருவிப் போட்டுவிட்டது.

இது நேற்று எழுந்த சந்தேகமும் இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன், சூரிய சந்திரர் இல்லாமல் முதல் மூன்று நாட்கள் இருந்தன என்று புத்தியுள்ளவன் எவன் அப்படியே நினைப்பான், இதற்குள் வேறு அர்த்தம் இருக்கிறது என்று எழுதினார். நான்காம் நூற்றாண்டில் செசரியா பிஷப் பசிலியு இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார்: பூமியின் பச்சை சூரியனுக்கு மூத்தது, ஆகவே உயிருக்கெல்லாம் காரணம் சூரியன் என்று கும்பிடுகிறவர்கள் அதை நிறுத்தட்டும் என்றார். முதல் நாள் வெளிச்சத்தைச் சுமக்கிற விளக்காகத்தான் சூரியன் பிற்பாடு உண்டானது என்பதும் அவர் விளக்கம்தான். வட ஆப்பிரிக்க பிஷப் அகுஸ்தீனுக்கு இந்த ஏழு நாட்களைச் சாதாரண நாட்களாக எடுக்கவே மனம் வரவில்லை, முதல் வெளிச்சத்தைத் தூதர்களோடு இணைத்துப் பார்த்தார். பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தத் தலைவர் கால்வின், சூரியன் இல்லாமலும் வெளிச்சம் தரக் கர்த்தரால் முடியும் என்று காட்டவே இந்த வரிசை என்று நேராகச் சொல்லிவிட்டார். யூத மரபிலும் இதைப் பற்றிப் பேசித் தீரவில்லை. யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு அழகான பேச்சு உண்டு: முதல் நாள் வெளிச்சத்தில் ஆதாம் உலகத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தான், பிற்பாடு வரப்போகிற பொல்லாதவர்களுக்கு அது கிடைக்கக்கூடாது என்று கடவுள் அதை நீதிமான்களுக்காக ஒளித்து வைத்துவிட்டார் என்று. இதைச் சொன்னபோது வகுப்பில் சத்தமே இல்லை, பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். பதினோராம் நூற்றாண்டு உரைகாரர் ராஷி, சூரிய சந்திரச் சுடர்கள் முதல் நாளே படைக்கப்பட்டன, நான்காம் நாள் வானத்தில் அந்தந்த இடத்தில் வைக்கப்பட்டன என்கிறார். அதைப் படித்துவிட்டு இப்படி வரைந்திருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன். ஆனால் பின்பக்கக் குறிப்பில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. கிடைத்த சூரிய உதயப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சூரியனுக்கு முகம் வரைந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அந்த அதிகாரம் சூரியனை அதன் பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. "பெரிய சுடர்", "சிறிய சுடர்", அப்புறம் போகிற போக்கில் "நட்சத்திரங்களையும்". அந்தப் பக்கம் பாபிலோனில் ஷமாஷ் சூரிய தெய்வம், இந்தப் பக்கம் எகிப்தில் ரா. இஸ்ரவேலுக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை, சூரியனையும் சந்திரனையும் பார்த்துத் தொழுதுகொள்ள இணங்கிவிடாதே என்று உபாகமம் நாலாம் அதிகாரம் எச்சரிக்கிறது, யூதாவின் ராஜாக்கள் சூரியனுக்கென்று வைத்திருந்த குதிரைகளை யோசியா ராஜா அகற்றினான் என்று இரண்டாம் இராஜாக்களில் வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் இந்த அதிகாரம் சூரியனை ஒரு வேலைக்காரனாக நான்காம் நாள் கொண்டுவந்து நிறுத்துகிறது. வேலை என்ன? பகலை ஆள, இரவைப் பிரிக்க, காலங்களையும் நாட்களையும் வருஷங்களையும் குறிக்க. கண்ணும் வாயும் வைத்து அதை மறுபடி ஒரு ஆளாக்கி முதல் பக்கத்தில் உட்காரவைத்தால் அந்த அதிகாரம் பட்ட பாடெல்லாம் வீண்.

"சூரியன் இல்லாமல் வெளிச்சத்தை எப்படி வரைவது" என்று கேட்பவர்களுக்கு: வரைந்திருக்கிறார்கள். வெனிஸ் சான் மார்க்கோ பேராலயத்தின் முன்மண்டபத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு மொசைக் குவிமாடம் ஒன்று இருக்கிறது, முழுக்க இந்தப் படைப்புக் கதைதான். முதல் நாளுக்கு இரண்டு உருண்டைகள், ஒன்று சிவப்பு, ஒன்று கருமை. சூரியன் கிடையாது. பக்கத்தில் ஒரு தூதர். இரண்டாம் நாளுக்கு இரண்டு தூதர்கள், மூன்றாம் நாளுக்கு மூன்று, இப்படியே ஏறி ஏழாம் நாளுக்கு ஏழு பேர் நிற்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இது எத்தனையாவது நாள் என்று எண்ணிக்கொள்ளலாம். நான்காம் நாளில்தான் சூரியனும் சந்திரனும் வருகின்றன. சிஸ்டைன் ஆலயக் கூரையிலும் மைக்கலாஞ்சலோ வெளிச்சத்தையும் இருளையும் பிரிப்பதைத் தனிச் சட்டத்தில் வெறும் வெளுப்பும் கருப்புமாக வைத்தார், சூரியன் அடுத்த சட்டத்தில். 500 ரூபாய் சார்ட்டில் மைக்கலாஞ்சலோவைக் கேட்கவில்லை. பாதி மஞ்சள் பாதி கறுப்பு அடித்திருந்தால் போதும், மை செலவும் மிச்சம்.

இனி நல்லதைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் பக்கம் பிரமாதம். பெரும்பாலான படங்களில் நாலு மேகத்தைப் போட்டு வானம் என்று முடித்துவிடுவார்கள். இதில் ஆகாயவிரிவுக்குக் கீழேயும் தண்ணீர், மேலேயும் தண்ணீர், நடுவில் நீலமாக ஒரு விரிப்பு. வசனம் சொல்வது அதுதான். ஆனால் மூலையில் "நல்லது என்று கண்டார்" என்று ஒரு ஸ்டிக்கர் முத்திரை குத்தியிருக்கிறார்கள், எல்லா நாளுக்கும் குத்துகிற கையோடு. நம் வேதாகமத்தில் இரண்டாம் நாளுக்கு அந்த வார்த்தை இல்லை. மூன்றாம் நாளுக்கு இரண்டு தடவை இருக்கிறது. தண்ணீர் வேலை மூன்றாம் நாள்தான் முடிந்தது, அதனால்தான் அங்கே இரட்டிப்பு என்று யூத உரைகாரர்கள் சொல்வதுண்டு. பிள்ளைகளிடம் "எந்த நாளில் அந்த வார்த்தை காணோம்" என்று ஒரு போட்டியே வைத்திருக்கலாம், இந்த முத்திரை அதைக் கெடுத்துவிட்டது.

கடைசியில் வரும் மடிப்புப் பக்கத்துக்காகத்தான் இந்த சார்ட்டை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். விரித்தால் மேல்வரிசையில் 1, 2, 3 நாட்கள், கீழ்வரிசையில் 4, 5, 6. மேலே வெளிச்சம், அதற்கு நேர் கீழே சுடர்கள். மேலே வானமும் தண்ணீரும், கீழே பறவையும் மீனும். மேலே தரையும் செடியும், கீழே மிருகமும் மனுஷனும், அந்தச் செடிகள் இவர்களுக்கு ஆகாரம். "ஒழுங்கின்மையும் வெறுமையுமாய்" இருந்த பூமிக்கு முதல் மூன்று நாள் ஒழுங்கு, அடுத்த மூன்று நாள் நிறைவு என்று ஒரே பார்வையில் பிடிபடும். பெரியவர்கள் வேதபாட வகுப்பில்கூட இதை விரித்து வைத்து ஒரு மணி நேரம் பேசலாம். வேடிக்கை என்னவென்றால் இந்தப் பக்கத்தில் முதல் நாள் கட்டத்தில் சூரியன் இல்லை, வெறும் மஞ்சள்! அப்படியென்றால் இதை வரைந்தவர் வேறு ஆள் என்று நினைக்கிறேன். அவரிடமே முழு வேலையையும் கொடுத்திருக்கலாம்.

ஆசிரியர் குறிப்பில் "விஞ்ஞானமும் இதை நிரூபித்துவிட்டது" என்று ஒரு பெட்டிச் செய்தி. பெருவெடிப்பில் முதலில் வெளிச்சம், அப்புறம்தான் நட்சத்திரம், ஆகவே வேதாகமம் சரி என்று. தயவுசெய்து இதை மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் வாசிக்காதீர்கள். பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 வருஷம் கழித்து வெளிச்சம் தடையில்லாமல் பரவ ஆரம்பித்தது, நட்சத்திரங்கள் அதற்குப் பல கோடி வருஷம் பிறகு, அது உண்மைதான். ஆனால் அதே விஞ்ஞானம் சூரியனுக்கு ஏறக்குறைய 460 கோடி வயது, நிலத்துச் செடிகளுக்குச் சுமார் 50 கோடிதான் என்றும் சொல்கிறது. முதல் நாளுக்கு விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைத்துவிட்டு மூன்றாம் நாள் வந்ததும் சாட்சியை வெளியே போ என்றால் ஒன்பதாம் வகுப்புப் பெண் விடமாட்டாள். அந்த அதிகாரம் சொல்ல வந்தது யார் படைத்தார், யாரைக் கும்பிட வேண்டாம் என்பதை. அதை இயற்பியல் பாடமாக்கி மதிப்பெண் வாங்கிக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. இது என் கருத்து, எங்கள் சபையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, அவர்களோடு சேர்ந்துதான் வகுப்பு நடத்துகிறேன்.

ஐந்தாம் நாள் பக்கத்தில் குறை இல்லை, திமிங்கிலம் அருமை. ஆறாம் நாளில் விலா எலும்பிலிருந்து ஏவாள் வருகிறாள். அது இரண்டாம் அதிகாரம், அங்கே வரிசையே வேறு: முதலில் மனுஷன், அப்புறம் தோட்டத்து மரங்கள், மிருகங்கள், கடைசியில் மனுஷி. முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணுமாக ஒரே மூச்சில் படைத்தாயிற்று. இரண்டையும் ஒரே பக்கத்தில் குழைத்தால் இரண்டும் கெடும். ஆதாமுக்கு வழக்கம்போல வெள்ளைக்காரத் தோலும் பொன்னிறத் தலைமுடியும், அதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

ஏழாம் நாளில் "சாயங்காலமும் விடியற்காலமுமாகி ஏழாம் நாள் ஆயிற்று" என்று அச்சடித்திருக்கிறார்கள். வேதாகமத்தைத் திறந்து பாருங்கள், அந்த வரி ஆறாம் நாளோடு நின்றுவிடுகிறது. ஓய்வுநாளுக்கு சாயங்காலம் எழுதப்படவில்லை. இதை வைத்து எத்தனையோ பிரசங்கம் இருக்கிறது, இங்கே காப்பி பேஸ்ட்டில் போய்விட்டது. வெளியீட்டாளருக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன், நன்றி சொல்லி ஒரு வாழ்த்து அட்டை படம் வந்தது.

வாங்கலாமா? சிறு பிள்ளைகளுக்கு வரிசை மனதில் பதிய வேண்டும், கையில் நேரம் இல்லை என்றால் வாங்கலாம், ஆனால் முதல் பக்கத்தின் மேல் மஞ்சளும் கறுப்புமாக ஒரு சார்ட் பேப்பரை வெட்டி ஒட்டிவிடுங்கள், நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். ஏழாம் பக்கத்து வரியை ஒயிட்னரால் அழிக்கலாம், லேமினேஷன் மேல் நிற்காது, வெள்ளை ஸ்டிக்கர் நல்லது. மடிப்புப் பக்கத்தை மட்டும் தனியாக விற்றால் அதற்கு 5க்கு 5 தருவேன், இரண்டு பிரதி வாங்குவேன். ஸ்பைரல் ஈரத்தில் துருப்பிடிக்கிறது, மழைக்காலத்தில் பீரோவில் வையுங்கள்.