டக்ஸிடோ அர்ச்சினும் ட்ரோகஸ் நத்தையும்: சின்ன ரீஃப் தொட்டிக்கு வாங்கலாமா?

பாசியை ஒழிக்கிறேன் என்று விற்கும் பாட்டில்களைப் பற்றி வேண்டிய அளவு எழுதியாகிவிட்டது. இது கடைத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கிடக்குமே, அந்தச் சரக்கைப் பற்றியது. ஒன்று ட்ரோகஸ் நத்தை, இன்னொன்று டக்ஸிடோ அர்ச்சின், உருண்டையாக உடலெல்லாம் முள்ளோடு இருக்கும் கடல் முள்ளெலி. இரண்டும் இப்போது என் 60 லிட்டர் உப்புநீர்த் தொட்டியில் இருக்கின்றன. சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் ஒரு மூலை, இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் ஜோவாந்தஸ், காளான் பவளம், ஒரு ஹேமர் என்று சில பவள வகைகள். இவ்வளவுதான் தொட்டி. பாறையில் வந்தது பச்சை முடிப்பாசி, அதுவும் விரல் நீளத்துக்கு.

நேராகத் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: இரண்டுமே வாங்கலாம், அதில் அர்ச்சின்தான் உண்மையான வேலைக்காரன். ஆனால் நீளமாக வளர்ந்த பாசியை நீங்கள் கையால் பிடுங்கிப் போட்ட பிறகுதான் இவர்களுக்கு வேலை. அதைச் செய்யாமல் நத்தையைக் கொண்டுவந்து விட்டுவிட்டு "ஒன்றும் சாப்பிடவில்லை" என்று புலம்பினால் நத்தை என்ன செய்யும்? அதன் வாயில் இருப்பது சுரண்டுகிற நாக்கு. பாறை மேல் மெல்லிய படலமாக, குட்டையாக இருக்கும் பாசியைத்தான் அது சுரண்டி எடுக்கும். காடாக வளர்ந்த முடிக்குள் அது நுழைவதே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும்.

ஆகவே முதலில் பாறையை வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் பிடித்து அதில் வைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். வெளியே எடுக்க முடியாத பாறை என்றால் விரலால் முறுக்கிப் பிடுங்கும்போதே இன்னொரு கையில் குழாயை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். பிய்ந்த துணுக்குகள் தண்ணீரில் மிதந்து போய் வேறு இடத்தில் முளைக்கும், அதனால்தான் இந்தக் குழாய் சமாசாரம். பிடுங்கும்போது பாசியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தனித்தனி நூலாக, வெளியே எடுத்தால் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டால் அது சாதாரண முடிப்பாசி. ஒவ்வொரு இழையும் நடுவில் தண்டு, இரண்டு பக்கமும் கிளை என்று சின்ன இறகு போல இருந்தால் அது பிரையாப்சிஸ். பிரையாப்சிஸை நத்தைகள் பெரும்பாலும் தொடாது, அர்ச்சினும் வேண்டாவெறுப்பாகத்தான் தொடும். சிவப்பாக, தோல் போல மணலை மூடிக்கொண்டு, ஊதினால் பாயாகப் பெயர்ந்து வந்தால் அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. அதற்கு இந்தக் கட்டுரையில் மருந்து இல்லை.

இப்போது ட்ரோகஸ். கூம்பு வடிவ ஓடு, உச்சி கூர்மையாக இருக்கும். பகலில் எங்காவது ஓரமாக ஒட்டிக்கிடக்கும், விளக்கு அணைந்தபிறகு கிளம்பும். காலையில் பார்த்தால் கண்ணாடியில் வளைந்து வளைந்து போன சுரண்டல் தடம் தெரியும். என் தொட்டிக்கு நான்கு வாங்கினேன், கண்ணாடிக்கும் பின்சுவருக்கும் அது தாராளம். ஒரு டஜன் வாங்கு என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். இவ்வளவு சின்னத் தொட்டியில் பாசி தீர்ந்ததும் பாதி பட்டினியில் சாகும், செத்த நத்தை ஒன்று பாறைக்குப் பின்னால் அழுகினால் அம்மோனியா ஏறும், அந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். சந்தேகமாக இருக்கும் நத்தையைக் கையில் எடுத்து முகர்ந்து பார்ப்பதுதான் சோதனை.

ட்ரோகஸைத்தான் வாங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கத்தில் அஸ்ட்ரேயா நத்தை மலிவாக இருக்கும், ஆனால் அது மல்லாந்து விழுந்தால் பெரும்பாலும் தானாக நிமிராது, நீங்கள்தான் போய் நிமிர்த்த வேண்டும், இல்லையென்றால் சந்நியாசி நண்டுக்கு விருந்து. ட்ரோகஸ் தானே புரண்டு எழுந்துகொள்ளும். மெக்சிகன் டர்போ என்று பெரிய நத்தை ஒன்று விற்கிறார்கள், முடிப்பாசியை அது மேய்கிற வேகம் உண்மையிலேயே அபாரம். ஆனால் அது கலிபோர்னியா வளைகுடாவின் குளிர்ந்த தண்ணீரிலிருந்து வருவது. நம் ஊர் சூட்டில், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் வெறும் மின்விசிறியை வைத்து ஓட்டும் தொட்டியில் அது நீண்ட நாள் நிற்காது. அதுவும் போகிற வழியில் ஒட்டாத பவளத்தையெல்லாம் இடித்துத் தள்ளும். மின்விசிறி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகும், ஆவியானதை ஆர்ஓ வடிகட்டியில் சுத்தமாக்கிய தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். நம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் இருக்கிறது, ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் போல அது பறந்துவிடாது.

போனஸ் ஒன்று: ட்ரோகஸ் தொட்டியிலேயே இனம் பெருக்கும். ஒரு சாயங்காலம் நத்தை கண்ணாடியின் மேல் விளிம்புக்கு ஏறி நின்று பால் போல ஏதோ விட்டால் பயந்துவிடாதீர்கள், இனப்பெருக்கம்தான். தண்ணீர் கலங்கும், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் இருந்தால் கொஞ்சம் பொங்கும், அப்புறம் சரியாகிவிடும்.

சரி, அர்ச்சினுக்கு வருவோம். அறிவியல் பெயர் மெஸ்பிலியா குளோபுலஸ். முட்களுக்கு நடுவே நீல வெல்வெட் பட்டைகள் ஓடும், முட்கள் குட்டையாக இருக்கும், கையில் எடுத்தால் குத்தாது. வளர்ந்தால் சுமார் 7 சென்டிமீட்டர் விட்டத்தில் நிற்கும் என்பதால் சின்னத் தொட்டிக்கு ஒத்துவரும். வாய் அடியில், அதில் ஐந்து பற்கள். அந்த வாயமைப்பை அரிஸ்டாட்டில் விலங்குகள் பற்றிய தன் நூலில் விளக்கு ஒன்றோடு ஒப்பிட்டு எழுதியதால் இன்றைக்கும் அதற்கு அரிஸ்டாட்டில் விளக்கு என்றே பெயர். கண்ணாடியில் ஏறும்போது அடியிலிருந்து பாருங்கள். ஐந்து வெள்ளைப் பல்லும் நடுவில் கூடி, விரிந்து, கூடி, விரிந்து வேலை செய்வது தெரியும், சுற்றிலும் நூல் போன்ற குழாய்க் கால்கள் கண்ணாடியைப் பிடித்துப் பிடித்து விடும். அது போன இடம் புல்வெட்டி போன இடம்தான். முடிப்பாசியின் அடிக்கட்டையைக்கூட விடுவதில்லை, பாறை வெள்ளையாகத் தெரியும்வரை வழித்துவிடும். நத்தைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசமே இதுதான்: நத்தை மேலோட்டமாகச் சுரண்டும், பாசி மறுபடி அதே இடத்தில் துளிர்க்கும்.

கடலிலும் இதே கதை பெரிய அளவில் நடந்திருக்கிறது. 1983 தொடக்கத்தில் பனாமா அருகே ஆரம்பித்து, ஓராண்டு சொச்சத்தில் கரீபியன் முழுக்க டயடிமா என்ற நீள முள் அர்ச்சின்கள் 90 சதவீதத்துக்கும் மேல் செத்துப்போயின. ஜமைக்காவில் ஏற்கெனவே மீன்களை அளவுமீறிப் பிடித்துத் தீர்த்திருந்தார்கள், 1980 புயலும் பவளங்களை நொறுக்கியிருந்தது, கடைசியாக மேய்ந்துகொண்டிருந்த அர்ச்சினும் போனதும் பாசி ஏறிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் பாதிக்கு மேல் இருந்த பவளப் பரப்பு, 1990களின் தொடக்கத்தில் சுமார் 3 சதவீதமாகச் சுருங்கியது. அர்ச்சின் என்றால் ஏதோ அலங்காரப் பொருள் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

குறைகளும் இருக்கின்றன. பெரிய குறை டக்ஸிடோ அர்ச்சினின் தொப்பிப் பழக்கம். கிடைத்ததையெல்லாம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு திரியும்: காலி ஓடு, சரளைக்கல், பாசித் துண்டு, உங்கள் காசு கொடுத்து வாங்கிய ஜோவாந்தஸ் பிளக் (பவளம் ஒட்டிய சின்ன அடிக்கட்டை). என் தொட்டியில் ஒரு பச்சை ஜோவாந்தஸ் ஊர்வலம் போகிறது, எங்கே இருக்கிறது என்று தினமும் தேட வேண்டும். பவளத்தை ஜெல் பசையாலும் எபாக்சியாலும் பாறையில் ஒட்டாமல் இதை வாங்காதீர்கள். இரண்டாவது குறை, ஊதா நிறத்தில் பாறையில் படரும் கோரலைன் பாசியையும் சேர்த்துத் தின்னும். ஊதாப் பாறைதான் வேண்டும் என்பவர்களுக்கு இது எரிச்சல் தரும், எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை.

கடையில் பார்த்து எடுங்கள். கண்ணாடியிலோ பாறையிலோ கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும், முட்கள் அசைய வேண்டும், தொட்டியின் அடியில் முள் உதிர்ந்து கிடந்தால் அது வேண்டாம். அதே தண்ணீரில் மீன்களுக்குக் காப்பர் மருந்து போட்டிருக்கிறார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள், முதுகெலும்பில்லாத எதற்கும் காப்பர் விஷம். நான் முதலில் போன ஒரு கடையில் கேட்டதற்குச் சரியான பதிலே வரவில்லை, வாங்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் பையை மிதக்கவிட்டு அப்படியே கொட்டிவிடாமல், காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலந்து பழக்குங்கள். உப்பு அளவு திடீரென்று மாறினால் அர்ச்சின்தான் முதலில் முள்ளை உதிர்க்கும். விலை என்று பார்த்தால் நத்தை சில சிங்கப்பூர் வெள்ளிதான், அர்ச்சின் அதைவிடப் பல மடங்கு. அப்படியும் ஒரு நல்ல பாட்டில் மருந்தின் விலைக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு விஷயத்தை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. அர்ச்சின் தின்ற பாசி மாயமாக மறைந்துவிடுவதில்லை, உருண்டை உருண்டையாக எச்சமாக வெளியே வரும், அதில் இருக்கும், பாசிக்கு உரமாகிற பாஸ்பேட் தொட்டியிலேயேதான் இருக்கிறது. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது அந்த உருண்டைகளைக் குழாயால் உறிஞ்சி எடுத்தால்தான் கணக்கு நேராகும். உறைந்த மைசிஸ் (குட்டி இறால் போன்ற மீன் தீவனம்) கட்டியை அப்படியே தொட்டியில் போடாமல், கரைத்து வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மீனுக்குக் கொடுங்கள். பாஸ்பேட்டை நான் லிட்டருக்கு 0.03 மில்லிகிராமுக்கும் 0.1 மில்லிகிராமுக்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன், நைட்ரேட் 5 மில்லிகிராம் அளவில். பூஜ்யத்துக்கு இறக்க வேண்டும் என்று பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ துகளை அள்ளிப் போடுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. இரண்டும் பூஜ்யமான தொட்டியில் முடிப்பாசி போய் டைனோ (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்) வரும், பழுப்பு நிறத்தில், நூல் நூலாக, நுனியில் காற்றுக்குமிழோடு. சில டைனோவில் நச்சு உண்டு, அதைத் தின்ற நத்தை செத்துப்போகும்.

பாசி குறைந்ததும் அர்ச்சினுக்குத் தனியாகச் சாப்பாடு போட வேண்டும். பேரங்காடியில் கிடைக்கும் உப்போ எண்ணெயோ சேர்க்காத நோரி (காய்ந்த கடற்பாசித் தாள்) போதும், ஒரு துண்டைக் கிளிப்பில் மாட்டிக் கண்ணாடியின் கீழ்ப்பக்கம் வைத்தால் தானே தேடி வந்து பிடித்துக்கொள்ளும், மிச்சத்தை மறுநாள் எடுத்துவிடுங்கள். 40 லிட்டருக்குக் கீழே உள்ள தொட்டிக்கு இதை வாங்க வேண்டாம், அங்கே இரண்டு ட்ரோகஸும் அந்தப் பழைய பிரஷும் போதும்.