நீலகிரி மலைரயில்: நண்பர் உட்காரும் கடைசிப் பெட்டியில்

ரயில்வே வரலாற்றுக்காகவே வாழ்ந்து, கடந்த ஆண்டு காலமான என் நண்பருடன் இருமுறை ஏறிய நீலகிரி மலைரயிலில், கடந்த மாதம் தனியாகப் போய் வந்தேன். இந்த மதிப்புரையில் நல்ல விஷயம் ஏதேனும் இருந்தால் அது அவர் கற்றுத் தந்தது.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 மணிக்குப் புறப்படும் வண்டி, 46 கி.மீ. தொலைவை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் கடந்து உதகையை அடைகிறது. இதைப் 'பொம்மை ரயில்' என்று யாராவது சொன்னால் நண்பரின் முகம் வாடிவிடும். பன்னிரண்டரை அடி நகர்வதற்குள் ஓரடி உயரும் பாதையில், வழுக்காமல் ஒரு வண்டியை ஏற்றிச் செல்வது விளையாட்டா என்று கேட்பார். கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை தண்டவாளங்களின் நடுவே இரட்டைப் பற்சட்டம் ஓடுகிறது. இரண்டு சட்டங்களின் பற்களும் ஒன்றுக்கொன்று சற்றே முன்பின்னாக அமைந்திருப்பதால், இன்ஜினின் பல்சக்கரம் ஒரு பல்லை விடுவதற்குள் அடுத்ததைப் பற்றிக்கொள்கிறது. பாதை முழுவதும் பற்சட்டம் உண்டு என்று எழுதுபவர்களுக்கெல்லாம் அவர் பொறுமையாகத் திருத்தக் கடிதம் அனுப்பியிருக்கிறார்.

ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால், முன்பெட்டியின் முதல் வரிசையில் அமர்ந்தால் பாதையும் குகைகளும் மறைப்பின்றித் தெரியும். பெரும்பாலோர் விரும்புவது அந்த இருக்கையைத்தான். நண்பரோ காட்சியைத் துறந்து, இன்ஜினை ஒட்டிய கடைசிப் பெட்டியையே கேட்டு வாங்குவார். இந்த முறை நானும் அப்படியே செய்தேன். கல்லாறு வரை இன்ஜினின் இரண்டு சிலிண்டர்கள் மட்டுமே உழைக்கின்றன. பற்சட்டம் தொடங்கியதும், அவற்றில் வேலை முடித்த நீராவியே மற்ற இரண்டு சிலிண்டர்களுக்குள் புகுந்து பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தக் கணத்தில் மூச்சின் தாளம் மாறுவதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தாளம் மாறியபோது, அவர் வழக்கமாக என் முழங்கையைத் தொடும் இடத்தில் என் கையை நானே வைத்துக்கொண்டேன்.

வழியிலுள்ள ஹில்குரோ நிலையத்தில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நேரத்தைத் தேநீரிலேயே கழித்துவிடாமல், இறங்கிச் சென்று இன்ஜின் சக்கரங்களுக்கு இடையே குனிந்து பல்சக்கரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்புறத் திண்ணையிலும் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்களையும் கவனியுங்கள். இறங்கும் பயணத்தில் பயணிகளின் உயிர் அவர்கள் கைகளையும் நம்பியிருக்கிறது.

1899-இல் குன்னூர் வரைக்கும் 1908-இல் உதகை வரைக்கும் வந்த பாதை இது. 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இருக்கைகள் குறைவு என்பதால் முன்பதிவை வெகுமுன்னதாகவே செய்துவிடுவது நல்லது. குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜினை மாட்டுகிறார்கள். அதன்பின் கேத்திப் பள்ளத்தாக்கு அழகாகவே இருக்கிறது. ஆனால் நேரமோ பணமோ குறைவாக உள்ளவர்கள் குன்னூரிலேயே இறங்கிவிடலாம். நண்பரும் அங்கேயே இறங்கி, கழற்றப்பட்ட இன்ஜின் கொட்டகைக்குள் போய் மறையும் வரை நடைமேடையில் நிற்பார். நானும் நின்றேன்.