இரண்டு கட்டைக்குக் கொஞ்சம் மேலே

திருவல்லிக்கேணியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பழைய இசைத்தட்டுக் கடை. பலகைகூடக் கிடையாது. அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' இசைத்தட்டின் பழைய அச்சு ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். "கீறலே இல்ல சார்" என்றார் கடைக்காரர். இரண்டாம் பக்கத்தில் ஊசி மூன்று இடத்தில் துள்ளுகிறது. சரி, போகட்டும்.

விஷயம் முதல் பக்கத்தில். மகளின் சுருதிப் பெட்டியை, முதல் பாட்டுக்குரிய இரண்டு கட்டையில் (மேற்கத்திய D) வைத்துவிட்டு அந்தப் பாட்டைப் போட்டேன். சேரவில்லை, டிரம்பெட் ஒரு மயிரிழை மேலேயே நிற்கிறது. என் டர்ன்டேபிளைத்தான் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது: 1959 மார்ச்சில் நியூயார்க்கில் பதிவு செய்தபோது டேப் இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் ஒலித்தால் சுருதி ஏறிவிடும். 1992 மறுவெளியீட்டில்தான் திருத்தினார்கள். ஏப்ரலில் பதிவான இரண்டாம் பக்கம் சுத்தம், அந்தத் துள்ளல் தவிர.

பில் எவன்ஸின் பியானோ மட்டும் தனியாக வரும் இடங்களில் கீறல்கூடக் காதில் விழவில்லை. உறை ஓரத்தில் கரையான் அரித்திருக்கிறது. பேரம் பேசினால் கடைக்காரர் 200 ரூபாய் குறைப்பார். வாங்கும் முன் இரண்டு பக்கத்தையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.