280 வெள்ளிக்குப் பால்மரக் காம்பு: கொஞ்சம் உஷாராக இருங்கள்

சனிக்கிழமை நடந்தது. இன்றைக்குத் திங்கள், எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டோமஹாக் கோடாலி (கையில் பிடித்து வெட்டவும், எறியவும் ஆகும் சின்னக் கோடாலி) வைத்திருப்பவர்கள், அதற்கு நீளக் காம்பு போடலாம் என்று யோசிப்பவர்கள் முழுசாகப் படியுங்கள். சரியாக எப்படிப் போடுவது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

என்னுடையது அமெரிக்காவிலிருந்து வரவழைத்தது. தலை ஏறக்குறைய 600 கிராம், காம்பு 19 இன்ச், அசல் ஹிக்கரி மரம். பினாங்கு பாலிக் புலாவில் மாமாவுக்குச் சின்னதாக ஒரு டுரியான் தோட்டம் உண்டு. வாரக் கடைசியில் அங்கே போய்க் கிளை கழிப்பதும், பட்டுப்போன கட்டை ஒன்றை நிறுத்தி வைத்து எறிந்து பழகுவதும்தான் என் பொழுதுபோக்கு. நான் கொஞ்சம் உயரமான ஆள். 19 இன்ச் காம்போடு குனிந்து குனிந்து இடுப்புவலி வந்ததுதான் மிச்சம். காம்பு நீண்டால் எறியும்போது சுழற்சியும் நிதானமாகும். சரி, 24 இன்ச் போட்டுவிடலாம் என்று தேட ஆரம்பித்தேன்.

சமூக வலைத்தளத்தில் ஆர்டர் எடுக்கும் ஒரு மரவேலைப் பட்டறை கண்ணில் பட்டது. பெயர் சொல்லப்போவதில்லை. பட்டர்வொர்த் பக்கம், வீட்டுக்குப் பின்னாலேயே கொட்டகை போட்டு நடத்துகிறார்கள். பராங் பிடி, கத்திப் பிடி என்று படங்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன. நேரில் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது என்று பெரிய புத்திசாலி மாதிரி கோடாலியைச் சாக்கில் சுற்றி, காடியின் பின்னால் வைத்துப் பாலம் தாண்டிப் போனேன்.

அங்கேதான் கவிழ்ந்தேன். பையனுக்கு முப்பது வயது இருக்கும், நம் தமிழ்ப் பையன். உட்கார வைத்து தே தாரிக் வாங்கிக் கொடுத்தான். கோடாலியை வாங்கி, தலைக்குக் கீழே ஒற்றை விரலைக் கொடுத்து நிறுத்தினான், ஆடாமல் நின்றது. “அண்ணே, பாரம் எங்க நிக்குது பாத்தீங்களா? 24 போட்டா இந்த இடம் ரெண்டு விரக்கடை கீழ எறங்கும், கைக்கு இன்னும் சுகமா இருக்கும்” என்றான். இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா? அந்த ஒரு நிமிடத்தில் நான் மனசுக்குள் பணத்தை எடுத்து வைத்துவிட்டேன். ஹிக்கரி கட்டை அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியிருக்கிறது, காம்புக்கு 220, பொருத்த 60, ஆக 280 வெள்ளி என்றான். பாதி இப்போது, மீதி அப்புறம் என்று நான் கேட்கவே இல்லை. நம் பிள்ளை ஒருத்தன் தொழில் பண்ணுகிறான், நாம்தானே கைகொடுக்க வேண்டும் என்று 280 வெள்ளியையும் அங்கேயே கியூஆர் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, பழைய காம்பையும் அளவுக்கு இருக்கட்டும் என்று தலையோடு விட்டுவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் என்றான். ஐந்து வாரம் ஆனது. முதலில் மழை, எண்ணெய் காயவில்லை. அப்புறம் பெரிய ஆர்டர். அப்புறம் பாட்டி தவறிவிட்டார், அதைக் கேட்டு நான் அனுதாபம் வேறு சொன்னேன். ஒருவழியாகப் போய் எடுத்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலைக்குக் கீழே கறுப்புத் தோல் சுற்றி, உச்சியில் கறுப்பாக ஏதோ பூசியிருந்தான். இது என்ன தம்பி என்றேன். “ரெசின் அண்ணே, தண்ணி எறங்காம இருக்க.” நானும் தலையாட்டினேன்.

சனிக்கிழமை தோட்டத்தில் மூன்றாவது எறி. காம்பு கட்டையில் மோதிக் கீழே விழுந்தது, தலை மட்டும் கழன்று பறந்து போய்க் குடிசையின் தகரத்தில் அடித்தது. மாமா மகன் நின்ற இடத்துக்கு நாலடி தள்ளி. அந்தத் தகரச் சத்தம் ராத்திரி தூக்கத்திலும் கேட்கிறது.

தோலைப் பிரித்துப் பார்த்தேன். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சாதாரணக் கோடாலிக்குக் காம்பைக் கீழிருந்து ஏற்றி, உச்சியைப் பிளந்து ஆப்பு அடிப்பார்கள். டோமஹாக் அப்படி இல்லை, பிக்காசு மாதிரி. தலையில் காம்பு நுழையும் துளை, அதாவது கண், மேலே அகலம், கீழே குறுகல். காம்பும் உச்சியில்தான் தடிமன். அடிப்பக்கத்தை மேலிருந்து கண்ணுக்குள் விட்டு இழுத்தால் உச்சியில் வந்து இறுகும், வீச வீச இன்னும் இறுகும். ஆப்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். வட அமெரிக்கப் பூர்வகுடிகள் ஐரோப்பிய வியாபாரிகளிடம் தோல் கொடுத்து இரும்புத் தலைகளை வாங்கிய காலத்திலிருந்தே இருக்கிற அமைப்பு இது. காட்டில் காம்பு முறிந்தால் இன்னொரு கழியைச் சீவி மாட்டிக்கொண்டு நடையைக் கட்டலாம்.

இவன் என்ன செய்திருக்கிறான்? உச்சியைச் சீவி மெலிதாக்கிக் கீழிருந்து ஏற்றி, இடைவெளியைப் பசையால் நிரப்பி, இரண்டு ஆணி அடித்து, மேலே கறுப்பு பூசி மறைத்திருக்கிறான். பழைய காம்பை அறுத்து, கண்ணுக்குள் மாட்டிய துண்டைத் தீயில் எரித்து எடுத்திருக்கிறான். மரச்சுத்தியலால் தலையைக் காம்போடு கீழே தட்டினாலே கழன்றிருக்கும்! பூச்சைச் சுரண்டினால் வாய்ப்பக்கம் வரைக்கும் மயில்கழுத்து நிறம் ஓடியிருக்கிறது. அந்த நிறம் வாய்க்கு வந்தால் எஃகின் பதம் போச்சு. அதனால்தான் இரண்டாவது எறியிலேயே விளிம்பு மடங்கியது.

மரமாவது ஹிக்கரியா? சாயத்தைத் தேய்த்தால் உள்ளே வெளிறிய மஞ்சள், குட்டிக் குட்டியாகக் கறுப்புக் கீற்றுகள். மாமா ஒரு நொடிதான் பார்த்தார். “டேய், இது பால்மரம்டா.” ரப்பர் மரம்! தாத்தா ஆயுசு முழுக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், பேரன் அதே மரத்தை 280 வெள்ளி கொடுத்து அமெரிக்கச் சரக்கு என்று வாங்கி வந்திருக்கிறேன். ரேகையும் நேராக இல்லை, ஒரு சாண் தூரத்திலேயே பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது.

போன் போட்டேன். “மரம் உயிருள்ளது அண்ணே, வெயில் மழைக்கு அசையும்.” படம் அனுப்பினேன். “நீங்க எறிஞ்சதாலதான் அண்ணே.” எறிகிற கோடாலியை எறியாமல் பூஜையா பண்ணுவார்கள்? மறுபடி போன் போட்டால் ஒரு பெண் எடுத்து, உத்தரவாதம் தலைக்கு மட்டும்தான், காம்புக்கு இல்லை என்கிறார். தலையை அவர்கள் செய்யவே இல்லையே அம்மா! பழைய காம்பைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சாம். நேற்று ராத்திரியிலிருந்து வாட்சாப்பில் ஒற்றை டிக்தான். குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக்காம்பு என்று என் மனைவி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. 280 வெள்ளி போனது, தலை போனது, நல்ல ஹிக்கரிக் காம்பும் போனது.

காம்பு போடும் முறையை எழுதுகிறேன் என்றேன், மணி ஒன்றாகிவிட்டது, காலையில் வேலை. அவசரத்துக்கு இதை மட்டும் பாருங்கள். சாயம் பூசாத கட்டையைக் கையில் வாங்கி ரேகை நுனி முதல் அடி வரை நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய காம்பைக் கொடுக்காதீர்கள், அளவு மட்டும் கொடுங்கள். ஆணி, பசை என்ற பேச்சு வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள். முழுப்பணம் கட்டாதீர்கள், ரசீது வாங்குங்கள். நான் வாங்கவில்லை, பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்தான் இருக்கிறது, அதை வைத்துத்தான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு போடப்போகிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரைக்கும் கேட்கலாம், வக்கீல் தேவையில்லை.

மாமா தோட்டத்தில் கொய்யாக் கிளை ஒன்றை வெட்டி, குடிசைக்குள் நிழலில் காயப் போட்டிருக்கிறார். 26 இன்ச் விட்டிருக்கிறாராம், இரண்டு இன்ச் சீவப் போகும் என்று.