குகை தட்டுவடை வண்டி: சுவைக்கு நாலு, வரிசைக்கு ஒன்று

சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட்டைப் பற்றி எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். இருந்தாலும் ஒன்பது வருஷம் ஊரை விட்டு இருந்தவளுக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு. 2013 முதல் 2022 வரை இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாந்து என்ற ஊரில் நர்ஸாக இருந்தேன். பிரியாணி அங்கேயும் கிடைத்தது, தோசைமாவு பாக்கெட்டும் கிடைத்தது. தட்டுவடைக்கு மட்டும் வழியே இல்லை. ஒருமுறை அம்மா பார்சலில் அனுப்பினார்கள். பிரித்தபோது நொறுக்கலாகத்தான் இருந்தது.

வண்டி சேலத்தில் குகை என்ற பகுதியில், ஒரு பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி நிற்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நீலத் தார்ப்பாய், ஒற்றை பல்பு, பின்னால் சந்துக்குள் தறிச் சத்தம். மாலை ஐந்தரைக்கு மேல் போனால் சரியாக இருக்கும். செட் 40 ரூபாய், நொறுக்கலும் அதே விலை, முட்டை நொறுக்கல் 50.

அண்ணன் செட் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து வடையைச் சீட்டுக்கட்டு மாதிரி தட்டில் பரப்புவார். கரண்டியின் முதுகால் பச்சைச் சட்னி ஒரே இழுப்பு. அதன் மேல் கேரட், பீட்ரூட், வெங்காயத் துருவல், சிட்டிகைக்கு மேல், பிடிக்குக் கீழ். பூண்டு போட்ட சிவப்புச் சட்னி ஒரு பொட்டு. மேலே இன்னொரு வடையை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு. வடை உடையக் கூடாது, ஆனால் ஒட்ட வேண்டும். அந்த அமுக்கில்தான் தொழில் இருக்கிறது. வாயில் போட்டால் முதலில் சத்தம், அப்புறம்தான் காரம். சனிக்கிழமை கூட்டத்துக்குப் பச்சைச் சட்னியில் தண்ணீர் கூடிவிடுகிறது. அதைத் தவிர சுவையில் சொல்ல ஒன்றுமில்லை.

என் குறை வேறு. ஓரத்தில் கார் வந்து ஹார்ன் அடித்தால், கையில் இருக்கிற தட்டை அப்படியே வைத்துவிட்டு அண்ணன் ஓடுகிறார். தறிப்பட்டறையிலிருந்து பத்து நிமிஷ இடைவேளையில் வந்தவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி, யோசித்து, ஆளுக்கு ஒன்று சொல்லி முடிப்பதற்குள் இவர்களுடைய பத்து நிமிஷம் போய்விடும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"கார்ல வர்றவங்க நாலஞ்சு செட் வாங்குவாங்க அக்கா. இவங்க நம்ம ஆளுங்க, நிப்பாங்க" என்றார்.

"நிப்பாங்கன்னு நினைச்சுத்தாண்ணா இங்கிலாந்துல ஒரு கட்சியே ஏமாந்துச்சு" என்றேன். நானாகத் தொடங்கிய வம்பு. மூன்று சாயங்காலம் அதே பேச்சு.

நின்றிருந்தவர்களில் ஐம்பதைத் தாண்டிய தறிக்காரர் ஒருவர், "ஏம்மா, ஐரோப்பாவோட சேர்ந்து இருந்தாங்களே, அது என்ன, நம்மூரு கூட்டணி மாதிரியா?" என்று கேட்டார். ஐரோப்பிய ஒன்றியம் என்று பெயர், அது தேர்தல் கூட்டணி இல்லை, நாடுகளின் வியாபாரக் கூட்டு என்றேன். சேலத்துக் கொலுசு வடநாட்டுக்குப் போகும்போது நடுவில் சுங்கம் கட்டுவதில்லை. அதேபோல் அப்போது அங்கே செய்த கார் ஜெர்மனிக்குப் போனாலும் சுங்கம் இல்லை, ஆட்களும் வேலை தேடி அந்த நாடுகளில் எங்கே வேண்டுமானாலும் போக முடிந்தது. அதில் இருப்பதா, வெளியேறுவதா என்று 2016 ஜூன் 23-ல் பிரிட்டன் முழுக்க ஓட்டு நடந்தது. வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1.

சண்டர்லாந்தில் 61.3 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். அன்று நள்ளிரவு தாண்டி அந்த எண்ணிக்கை வந்ததும் பவுண்ட் சரிந்தது. ஓட்டுக்கு முன்னால் 100 ரூபாயை ஒட்டி இருந்தது, அக்டோபரில் 82 வாக்கில் வந்து நின்றது. அப்போது சூரமங்கலத்தில் நான் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு கிரானைட் போய் டைல்ஸ் வந்தது அதனால்தான். இன்றும் அந்த டைல்ஸைத் துடைக்கும்போது கோபம் வரும்.

இத்தனைக்கும் அந்த ஊருக்குச் சோறு போடுவதில் பெரிய பங்கு, 1986-ல் திறந்த நிஸான் கார் ஆலைக்கு. செய்கிற கார்களில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகும். "அப்புறம் எதுக்குய்யா தன் தலையில மண்ணப் போட்டுக்கிட்டாங்க?" என்றார் தறிக்காரர்.

எனக்கு வார்டில் இருந்த ஒரு பெரியவர் ஞாபகம் வந்தார். கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவர், சத்தத்தில் காது போய் இரண்டு காதிலும் கருவி. தளங்கள் 1988-ல் மூடின. ஊருக்குள் இருந்த கடைசி நிலக்கரிச் சுரங்கம் 1993-ல் மூடியது, அதன் மேல் இன்று கால்பந்து மைதானம் நிற்கிறது. அவருக்குக் காலில் கட்டு மாற்றிக்கொண்டே, "வெளியேறினா பவுண்ட் விழும்னு சொல்றாங்களே" என்று கேட்டேன். "என் பையில் பவுண்ட் இருந்தால்தானே விழுவதற்கு" என்றார். அப்புறம் என் கையைத் தட்டி, "உன்னைச் சொல்லலைம்மா" என்று சமாதானமும் சொன்னார். எங்கள் பெரிய டாக்டருக்கு வேறு கவலை. மகன் ஐரோப்பாவில் படிக்கப் போக முடியாதே என்று.

பிறகு வந்த ஓர் ஆய்வும் அதைத்தான் காட்டியது. மாதம் 1,200 பவுண்டுக்குக் குறைவான வருமானக்காரர்களில் 66 சதவீதம் வெளியேறும் பக்கம், 3,700 பவுண்டுக்கு மேல் 38 சதவீதம்தான். ஆனால் ஏழை ஒரு பக்கம், பணக்காரர் ஒரு பக்கம் என்று கோடு கிழித்தால் எங்கள் ஆஸ்பத்திரி டீக்கடையில் சம்பளமில்லாமல் உதவிய அம்மாவை எங்கே வைப்பது? கடனில்லாத வீடு, நல்ல பென்ஷன், காதில் முத்து. அவரும் வெளியேறத்தான் போட்டார். அந்த வெல்டருக்கு இழக்க ஒன்றும் மிச்சமில்லை, இந்த அம்மாவிடமிருந்து எதுவும் போகப் போவதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது மாதத் தவணை கட்டுகிற எங்களைப் போன்றவர்கள்.

அண்ணனுக்குச் சுவாரசியம் கட்சிக் கதையில்தான். தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் கட்சிக்கே குத்தும் ஊர்கள் அந்த வடகிழக்கு ஊர்கள். கட்சியோ ஐரோப்பாவோடு இருக்கச் சொன்னது. பக்கத்தில் பிளைத் வேலி என்ற தொகுதி, பல பத்தாண்டுகளாக அவர்கள் கையில் இருந்தது, 2019 டிசம்பரில் எதிரணியான கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் போனது. "அப்பன் காலத்துச் சின்னத்தையே மாத்திட்டாங்களா!" என்று அண்ணன் கரண்டியோடு நின்றுவிட்டார். அந்தச் சமயம் பார்த்து ஒரு ஹார்ன். ஓடினார்.

ஒரு விஷயத்தை அங்கேதான் முதல்முதலாக வெளியே சொன்னேன். காமன்வெல்த் நாட்டுக்காரர்கள் அங்கே குடியிருந்தால் ஓட்டு உண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்த எனக்கு ஓட்டு இருந்தது, என்னோடு இரவுப் பணி பார்த்த போலந்துப் பெண்ணுக்கு இல்லை. வாழ்க்கை மாறப்போவது அவளுக்கு, ஓட்டு எனக்கு. நான் இரவு டூட்டி முடித்துப் பகலெல்லாம் தூங்கி, இரவு ஒன்பது மணிக்கு எழுந்து, பத்து மணி வரை நேரம் இருக்கிறது என்று தெரிந்தும் புரண்டு படுத்தேன். இது என் ஊர்ச் சண்டையா என்ற நினைப்பு. மறுநாள் அவள் கேட்டாள். போட்டேன் என்று பொய் சொன்னேன்.

தறிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன்தான், "காசு குடுத்திருந்தா எந்திரிச்சிருப்பீங்க அக்கா" என்றார். எல்லோரும் சிரித்தோம், எனக்கு மட்டும் சட்னி கொஞ்சம் காரமாகப் போய்விட்டது. அந்தப் பெண் 2019-ல் போலந்துக்கே போய்விட்டாள். அவள் இடத்துக்கு வந்தது கோட்டயத்துப் பெண். வெளிநாட்டுக்காரர்கள் குறைவார்கள் என்று நம்பி ஓட்டுப் போட்டவர்கள் இப்போது அவளிடம் ஊசி போட்டுக்கொள்கிறார்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். மாங்காய் சீசனில் போனால் துருவலில் மாங்காயும் சேர்ப்பார், அதை விடாதீர்கள். கையைக் கழுவ ஒரு வாளித் தண்ணீர்தான், சோப்பு இல்லை. இந்தப் பேச்செல்லாம் நடந்த பிறகும் ஹார்ன் அடித்தால் அண்ணன் ஓடத்தான் செய்கிறார், அதனால் வரிசைக்கு ஒரு நட்சத்திரத்துக்கு மேல் தர மாட்டேன்.

போன வாரம் எதிர்ப்பக்கம் புதுசாக ஒரு வண்டி வந்திருக்கிறது. தறிக்காரரும் இன்னும் இரண்டு பேரும் அங்கே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்ன மாத்திரத்தில் தட்டு கைக்கு வருகிறது. நானும் ஒரு செட் வாங்கிப் பார்த்தேன். வடையில் எண்ணெய்க் காறல்.

இரண்டு வண்டிக்கும் திங்கள் லீவு. எங்கே வாங்கினாலும் செட்டைப் பார்சல் கட்டச் சொல்லாதீர்கள், வீட்டுக்குப் போவதற்குள் வடை ஊறி அப்பளம் மாதிரி தொங்கும்.