ட்ரெய்லர் மெத்தைக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் கேம்பிங் ட்ரெய்லரின் கட்டிலுக்கு அளவெடுத்து மெத்தை செய்யலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள். நேற்று இரவுதான் மெத்தைக் கடைக்காரர்களுடைய கடைசி பதில் வந்தது, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. என்னுடைய ஒரு மாதச் சம்பளம் போய்விட்டது. முழுசாக ஒரு மாதச் சம்பளம். எப்படி ஏமாந்தேன் என்பதையும், ட்ரெய்லர் படுக்கையை வசதியாக்க நிஜமாகவே என்ன செய்யவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எங்கள் ட்ரெய்லரோடு வந்தது 3 அங்குல ஃபோம், அதற்கு அடியில் வெறும் பிளைவுட். என் கணவருக்கு இடுப்பில் டிஸ்க் பிரச்சினை உண்டு. ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பெலும்பு நேராகப் பலகையில் போய் இடிக்கும். காலையில் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நின்றபிறகுதான் அவரால் படியிறங்க முடியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார், அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வீட்டு மெத்தையைத் தூக்கிப் போடலாம் என்றால் அளவு ஒத்துவராது. அமெரிக்க அளவில் குயீன் மெத்தை 60க்கு 80 அங்குலம் என்றால், ட்ரெய்லரில் குயீன் என்று சொல்லும் கட்டில் பல நேரம் 60க்கு 75தான் இருக்கும். எங்களுடையது அதைவிடச் சின்னது, 48க்கு 72, அதிலும் கால்மாட்டில் ஒரு மூலை வளைத்து வெட்டியிருக்கும். அதனால்தான் அளவு சொன்னால் செய்து அனுப்பும் ஓர் ஆன்லைன் மெத்தைக் கடையில் போய் மாட்டினேன்.

எந்த இடத்தில் நம்பினேன் என்பதை விவரமாகச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் நீங்களும் அதே இடத்தில்தான் நம்புவீர்கள். போனில் பேசியவர் விலையைப் பற்றி முதலில் பேசவே இல்லை. "அக்கா, கட்டிலுக்கு அடியில பெட்டி இருக்கா? பலகையைத் தூக்கித் திறக்கிற மாதிரியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ 5 அங்குலத்துக்கு மேல வேண்டாம்க்கா, கனம் கூடினா தூக்கவே முடியாது, மேல தலையும் இடிக்கும்" என்றார். அந்த ஒரு பேச்சில் விழுந்துவிட்டேன். விற்கிறவன் கனமானதை அல்லவா தலையில் கட்டப் பார்ப்பான், இவர் வேண்டாம் என்கிறாரே, விஷயம் தெரிந்தவர், நம் கஷ்டம் புரிந்தவர் என்று நினைத்தேன். அப்புறம் வளைந்த மூலைக்குக் காகிதத்தில் அச்சு எடுத்து அனுப்பச் சொன்னார். நானும் கணவரும் ட்ரெய்லருக்குள் முட்டிபோட்டு உட்கார்ந்து, பழுப்புக் காகிதத்தை விரித்து, பென்சிலால் மூலையை வரைந்து, வெட்டி, வைத்துப் பார்த்து, மறுபடி வெட்டினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போனது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் அன்றைக்கு.

40 டென்சிட்டி (அடர்த்தி) ஃபோம், 5 அங்குலம், 10 வருட வாரண்டி என்று பில் அனுப்பினார்கள். கார்டில் கட்டப் போனேன். "கார்டுன்னா கமிஷன் ஏறும்க்கா, நேரா அக்கவுண்ட்ல போட்டுடுங்க, மிச்சப்படும்" என்றார். போட்டேன். பாதி இப்போது, பாதி வந்தபிறகு என்றுகூட நான் கேட்கவில்லை. ஒரு மாதச் சம்பளம், ஒரே தடவையில்.

10 நாளில் வரும் என்றது 34ஆம் நாள்தான் வந்தது. நடுவில் ஒரு பயணத்தை ரத்து செய்தோம், அதைக்கூட விடுங்கள். சுருட்டிக் கட்டி வந்த மெத்தையைப் பிரித்தபோது மூலை வளைவு கச்சிதமாகப் பொருந்தியது. உறைக்கு ஜிப் இல்லை, நான்கு பக்கமும் தைத்து மூடியிருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தூக்கும்போது லேசாக இருந்ததையும் "பரவாயில்லையே" என்று நல்ல விஷயமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் பயணத்தில் கணவர் இரண்டு இரவு நன்றாகத் தூங்கினார். மூன்றாவது இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டார். நான் கையை வைத்துப் பார்த்தேன், அவர் இடுப்பு இருந்த இடத்தில் குழி, விரலால் அழுத்தினால் அடியில் பலகை தெரிகிறது. மூன்றே இரவில்!

திரும்பி வந்தவுடன் போன் செய்தேன். வந்து அன்றைக்குப் 11ஆம் நாள். "புது ஃபோம் செட் ஆகணும்க்கா, 30 நாள் படுத்துப் பாருங்க, சரியாயிடும்" என்றார்கள். சரி என்று காத்திருந்தேன். 31ஆம் நாள் கூப்பிட்டால், திருப்பி எடுக்கும் கெடு 14 நாளோடு முடிந்துவிட்டதாம். 30 நாள் பொறுக்கச் சொன்னதே நீங்கள்தானே என்றால், "அப்படி யார் சொன்னாங்க மேடம்?" என்கிறார்கள். அதுவரை அக்காவாக இருந்தவள் அன்றைக்கு மேடம் ஆகிவிட்டேன். அதோடு, அளவெடுத்துச் செய்த பொருளைத் திருப்பி எடுப்பதே இல்லை என்றார்கள். அப்படியானால் 14 நாள் கெடு யாருக்கு?

வாரண்டி கேட்டேன். போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். போட்டோ தெளிவில்லை, வீடியோ வேண்டும் என்றார்கள், அதையும் அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, வீடியோவில் மெத்தையின் அடிப்பக்கம் ஈரம் தெரிகிறது, ஈரத்தால்தான் ஃபோம் கெட்டது, வாரண்டி பொருந்தாது என்று பதில். இந்த ஈர விஷயத்தைக் கொஞ்சம் விளக்குகிறேன். ட்ரெய்லரில் மெத்தைக்கு அடியில் ஈரம் கட்டுவது எல்லோருக்கும் வருவதுதான். மூடிய சின்ன இடத்தில் இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சு விடுகிறோம், வியர்க்கிறோம், அந்த ஈரக்காற்று மெத்தை வழியாக இறங்கிக் குளிர்ந்த பிளைவுட்டில் பட்டவுடன் தண்ணீராகிவிடும். காற்றோட்டம் இல்லாமல் அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும், நாற்றம் வரும். ஆனால் அதனால் நல்ல ஃபோம் மூன்று இரவில் பள்ளமாகாது. எங்கள் பழைய 3 அங்குல ஃபோமும் இதே பலகையில்தான் கிடந்தது, இப்படிக் குழி விழவில்லை.

அன்று இரவே கத்தரிக்கோலை எடுத்துத் தையலைப் பிரித்தேன். மேலே ஒரு அங்குலத்துக்கு நல்ல ஃபோம். அதற்குக் கீழே நான்கு அங்குலம், வெள்ளையும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் துண்டு துண்டாகப் பசை வைத்து ஒட்டிய மட்டமான ஃபோம். கிள்ளினால் கையோடு வருகிறது. கணவர் எதுவும் சொல்லாமல் அந்தத் துண்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அப்புறம்தான் எடை போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஃபோமில் டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு, அவ்வளவுதான். 48க்கு 72, தடிமன் 5 அங்குலம் என்றால் ஏறக்குறைய 0.28 கன மீட்டர். 40 டென்சிட்டியாக இருந்தால் 11 கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும். உறையைக் கழற்றிவிட்டு, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடல் எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்று, என் எடையைக் கழித்தேன். 6 கிலோகூட இல்லை. பாதிதான் இருக்கிறது! வந்த அன்றைக்கே இதைச் செய்திருந்தால் 14 நாளுக்குள் பிடித்திருப்பேனே என்று நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

இந்தக் கணக்கையும் பிரித்த படங்களையும் அனுப்பினேன். நேற்று வந்த பதில் ஒரே வரி: தையலைப் பிரித்ததால் வாரண்டி ரத்து. அதன்பிறகு நான் அனுப்புகிற எல்லாவற்றையும் படிக்கிறார்கள், பதில் கிடையாது. அவர்கள் பக்கத்தில் நான் எழுதிய விமர்சனம் ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விட்டது. வங்கியில் கேட்டால், கார்டில் கட்டியிருந்தால் புகார் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி உண்டு, நீங்களே அனுப்பிய பணத்துக்கு எங்களால் எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள். மிச்சப்படும் என்று அவர் சொன்னது இதற்குத்தான். ஒரு மாதச் சம்பளம்.

படுக்கையை வசதியாக்குவது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது மனசு அதில் நிற்கவில்லை. அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள், நேராக அக்கவுண்டில் போடச் சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். ஜிப் இல்லாத உறையை வாங்காதீர்கள். வந்த அன்றைக்கே எடை போடுங்கள், நீளம் அகலம் தடிமனை மீட்டரில் பெருக்கி, பில்லில் போட்ட டென்சிட்டியால் பெருக்கினால் எத்தனை கிலோ இருக்கவேண்டும் என்று தெரிந்துவிடும். கெட்டியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், கெட்டி வேறு டென்சிட்டி வேறு, மட்டமான ஃபோமும் முதல் நாள் கெட்டியாகத்தான் இருக்கும். போனில் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள், முக்கியமாக "பொறுத்துப் பாருங்கள்" என்பதை. ஈரத்துக்கு, மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் காற்றுப் போக மரச் சட்டமோ வலை விரிப்போ போடுங்கள், காலையில் மெத்தையைத் தூக்கிச் சாய்த்து வையுங்கள். உடம்புச் சூட்டில் இளகி அமுங்கும் மெமரி ஃபோம் குளிரில் விறைத்துப்போகும், குளிர் இடங்களுக்குப் போகிறவர்கள் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

இப்போதைக்குப் பழைய 3 அங்குல ஃபோமைத்தான் திரும்பப் போட்டிருக்கிறோம், மேலே இரண்டு கம்பளியை மடித்து விரித்து. அந்தப் பழுப்புக் காகித அச்சு இன்னும் ட்ரெய்லர் அலமாரியில் இருக்கிறது, அதைக் கிழிக்க மனசு வரவில்லை. நுகர்வோர் புகாருக்காக பில், படங்கள், எடைக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிட்டேன், நாளைக் காலையில் கொடுக்கிறேன்.