ஓ.டி.ஜி.யில் சுட்ட மாங்காயும் தேறாத இரண்டாவது தட்டும்

சூடேற்றும் கீழ்க்கம்பி கருகிப் போனதால் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த எங்கள் ஓ.டி.ஜி. என்னும் மின்சார அடுப்பு சென்ற வாரம்தான் வீடு திரும்பியது. அதே மாடலின் விலை இப்போது நன்றாகக் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, போச்சம்பள்ளியில் இருக்கும் என் நாத்தனார் "வாங்கலாமா அண்ணி?" என்று கேட்கிறார். கேக், ரொட்டி ஆகியவை இதில் நன்றாக வருகின்றன என்று பலரும் சொல்லிவிட்டார்கள், எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கள் வீட்டில் அந்த அடுப்பு பெரும்பாலும் பழம் சுடுவதற்கே பயன்படுவதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அதற்குரிய புகழைச் சொல்லிவிட வேண்டும். சுடுவதற்கு ஏற்ற மாங்காய் பெங்களூரா, அதாவது நம் கிளிமூக்கு; அதுவும் செங்காய்ப் பதத்தில். கிருஷ்ணகிரியின் கூழ் தொழிற்சாலைகளுக்கு லாரி லாரியாகப் போகும் அதே காய்தான். சதை கெட்டியாகவும் நாரில்லாமலும் இருப்பதால் சூட்டில் உருக்குலைவதில்லை. புளிப்பும் இனிப்பும் சரிபாதியாக நிற்கும். செந்தூரா பழுத்துவிட்டால் குழைந்துவிடும். அல்போன்சாவைச் சுடுவது அந்தப் பழத்துக்குச் செய்யும் அநியாயம் என்பேன்.

தோலோடு விரற்கடை கனத்துக்கு நறுக்கி, நல்லெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த சீரகம் ஆகியவற்றில் பிசறி, ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, முன்கூட்டியே 200 டிகிரிக்குச் சூடேறிய அடுப்பில் 20 முதல் 25 நிமிடம் வைக்கிறேன். புளிப்புக் காய் வெறும் அலுமினியத் தட்டைக் கறுக்கச் செய்யும் என்பதால் அடியில் பேக்கிங் தாள் அவசியம். வெல்லத்தூளைக் கடைசி ஐந்து நிமிடத்தில்தான் தூவ வேண்டும்; முதலிலேயே போட்டால் மாங்காய் வேகுமுன் வெல்லம் கருகிக் கசக்கும். நன்றாக வந்த தட்டில் ஒவ்வொரு துண்டின் ஓரமும் செம்பழுப்பாகச் சுருண்டு, தோல் சற்றே மொறுமொறுத்து, நடுச்சதை மட்டும் பளபளப்பாக இளகி நிற்கும். கசிந்த சாறு வெல்லத்தோடு சேர்ந்து பாகாகத் துண்டின் அடியில் ஒட்டியிருக்கும். சூடான கேழ்வரகு களிக்குக் கொள்ளுக் கடைசலோடு இதையும் வைத்தால், இனிப்பும் காரமும் புளிப்பும் ஒரே வாயில் கிடைக்கின்றன. தயிர்சாதத்துக்கு ஊறுகாயைத் தேடுவதையே என் மாமனார் விட்டுவிட்டார். இந்த அடுப்பு வருமுன் இப்படியொரு தொடுகறி எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

ஆனால் இவ்வளவும் முதல் தட்டுக்கு மட்டுமே பொருந்தும். ஆறு பேர் சாப்பிடும் வீட்டுக்கு ஒரு தட்டு போதாது. இரண்டாவது தட்டு உள்ளே போனதும் அதே மாங்காய், அதே மசாலா, அதே நேரம் வைத்தும் வெளிறி, நீர்கோத்து, அவித்த பூசணிக்காய்போல வெளியே வருகிறது. காரணம் எளியது. இந்த மாடலில் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டை அறிந்து கம்பிகளை ஏற்றி அணைக்கும் கருவி, பழம் இருக்கும் நடுப்பகுதியின் சூட்டை அறிவதில்லை. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்குப் பின்னால், பக்கச்சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. முதல் தட்டு முடிவதற்குள் அந்தச் சுவர் நன்றாகக் காய்ந்துவிடுவதால், உள்ளே தேவையான சூடு ஏறுமுன்பே தெர்மோஸ்டாட் கம்பிகளை அணைத்துவிடுகிறது. தனியாக ஒரு வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தேன்: திருகு 200-இல் இருக்க, இரண்டாவது தட்டுக்கு 170-ஐத் தாண்டவில்லை. மாங்காயில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் நீர்தான். மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. நீர் வற்றிய பிறகுதான் சர்க்கரை சிவக்கத் தொடங்கும். முப்பது டிகிரி குறைந்தால் கசியும் சாறு வற்றும் சாற்றை முந்திவிடுகிறது, துண்டுகள் தம் சாற்றிலேயே வெந்துவிடுகின்றன.

இதைப் பழுதுபார்த்தவரிடம் விளக்கினேன். தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார்; அதே இடத்தில்தானே பொருத்த முடியும், எனவே எதுவும் மாறவில்லை. நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் பேசியவரோ, "கேக் நன்றாக வருகிறதா?" என்று கேட்டு, ஆம் என்றதும் குறை ஏதுமில்லை என்று முடித்துவிட்டார். பணம் கொடுத்து வாங்கியவர் கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. திருகை 230-க்கு ஏற்றினால் ஓரளவு சரியாகிறது, ஆனால் மேல்கம்பிக்கு நேர்கீழே இருக்கும் துண்டுகள் கருகுகின்றன. கதவைத் திறந்து அரைமணி ஆறவிட்டு, மறுபடி சூடேற்றிச் சுட்டால் மட்டுமே இரண்டாவது தட்டு முதல் தட்டைப் போல வருகிறது. அதற்குள் முதல் தட்டு ஆறிவிடும், களியும் இறுகிவிடும்.

அன்னாசியில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம், சாறு அவ்வளவு. கொய்யாவும் நேந்திரமும் சாறு குறைவானவை என்பதால் இரண்டாவது தட்டிலும் தப்பிக்கின்றன; மிளகும் உப்பும் மட்டும் தூவிச் சுட்ட கொய்யா சப்பாத்திக்கு மிக நன்றாக இருக்கிறது.

இரண்டு பேர் மட்டுமுள்ள வீடென்றால் இந்த அடுப்பின் முதல் தட்டுக்காகவே வாங்கலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நேற்று மாலை மறுபடியும் அரைத்தட்டு மாங்காய் வெந்த கூழாக வந்து, அதைத் தொக்காகக் கிண்ட வேண்டியதாயிற்று. என் நாத்தனார் வீட்டில் ஏழு பேர். தெர்மோஸ்டாட் எங்கே இருக்கிறது என்று கடைக்காரரிடம் கேட்டு, அடுப்பின் உட்புறத்தில் சூடறியும் குழல் இருக்கும் வேறு மாடலைப் பார்க்கட்டும். இந்த மாடல் பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம்.